மூன்றாம் தொட்டியின் சமையல்

குடிநீர் நிலையத்தில் அவளுக்குப் பெயர் பாட்டிலக்கா. காலையில் ஒரு கூடை நிறையக் காலி பாட்டில்களோடு புறப்பட்டு, மத்தியானத்துக்குள் அத்தனையிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவது அவள் வேலை. பெயரை மட்டும் கேள்விப்பட்டுப் புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "தண்ணி பாட்டில்ங்க" என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். பார்வை இன்னும் மோசமாகும். "ஐயோ, குடிதண்ணிங்க!" என்று திருத்துவாள். அதற்கப்புறம் விளக்கம் சொல்வதை அவளே நிறுத்திவிட்டாள்.

நாற்பத்து நான்கு வயது. இருபத்து மூன்று வருடமாக அங்கே ஆய்வக உதவியாளர். பாட்டில் கழுவுவதிலிருந்து நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்ப்பதுவரை எல்லாம் அவள்தான். ஆனால் அறிக்கையில் கையெழுத்து மட்டும் வேறு யாராவது போடுவார்கள். போன மாதம் மாற்றலாகி வந்த பொறியாளர் அந்த வழக்கத்தை உடைத்தாள். பாட்டிலக்காவைவிடப் பத்து வயது சின்னவள், பேச்சில் கத்தரிக்கோல் போன்றவள்.

"பாக்கறது நீங்க, எழுதறது நீங்க. அப்புறம் நான் எதுக்குக் கையெழுத்து போடணும்? நீங்களே போடுங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பாட்டிலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிலையத்தில் மணல் வடிகட்டித் தொட்டிகள் மூன்று. ஒன்றும் இரண்டும் சின்னவை. மூன்றாவதுதான் பெரியது, ஊருக்குப் போகும் தண்ணீரில் முக்கால் பங்கு அதன் வழியாகத்தான் போகும். ஆழ்கிணற்றிலிருந்து வரும் தண்ணீர், தொட்டிகளுக்கு மேலே குறுக்காக ஓடும் குழாய்களின் துளைகள் வழியாக மழைபோல் விழ வேண்டும் என்பது ஏற்பாடு; பிறகு மணலில் இறங்கி, அடியில் வடிந்து வெளியே வரும். மூன்றையும் ஆராய்ந்து அறிக்கை கொடுக்கச் சொன்னாள் பொறியாளர். பாட்டிலக்கா டார்ச் லைட்டோடு மூன்றாம் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவள் மூக்கைச் சுளித்தாள். வெயில் எட்டிப் பார்க்காத அந்த இருட்டில் மணல்மேல் செங்காவி நிறத்தில் ஒரு கொழகொழப்பு, விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. குச்சியால் தொட்டால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பக்கத்தில் நின்றிருந்தான். திறப்பதும் மூடுவதுமே பிழைப்பு என்பதால் அவனை எல்லாரும் வால்வு என்பார்கள்.

"அக்கா, மூணாம் நம்பர்ல கை வைக்காதீங்க. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா இருக்கறதுலயே நல்ல தண்ணி இதுலதான் வருது."

"எப்படிச் சொல்ற?"

"குடிச்சிப் பாத்துதான்."

"உன் நாக்கை அறிக்கையில ஒட்ட முடியுமா வால்வு? குடிக்கிற தண்ணியில இந்தச் சளி இருக்கலாமா? நீயே சொல்லு."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். மூன்று தொட்டித் தண்ணீரும் ஒன்றாகக் கலந்த பிறகு இரும்பின் அளவைப் பார்ப்பதுதான் அங்கே வழக்கம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாக அளந்து பார்க்க வேண்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை. கொழகொழப்பில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றரைப் பக்கம் எழுதினாள். 'உயிரினப் படிவு காணப்படுகிறது. தொட்டிகளைக் காலி செய்து, குளோரின் கரைசலில் இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவவும். இனி மணலுக்கு முன்பாகவே தொடர்ந்து குளோரின் சேர்க்கவும்.' கீழே கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்துக்கு ஒரு சுழி அதிகமாகவே விழுந்தது.

வெளியிலிருந்து ஒரு கூட்டம் ஆட்கள் வந்து, மூன்று தொட்டிகளையும் சுரண்டி, ஊறவைத்து, குழாய்களைக்கூடக் கம்பி விட்டுக் குடைந்து பளிச்சென்று ஆக்கிவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்த மூன்றாவது நாள் ஊர்க் குழாய்களில் தண்ணீர் சிவப்பாக வந்தது.

முதலில் லேசான தேன் நிறம். மறுநாள் செங்கல் கரைத்த மாதிரி. தேநீர் போட்டவர்கள், மை ஊற்றினாற்போல் கறுத்துப்போன கோப்பையை வைத்துக்கொண்டு முழித்தார்கள். நிலையத்தின் வாசலில் ஆளுக்கொரு வாளியோடு கூட்டம் கூடியது. ஒரு பள்ளி ஆசிரியர் மட்டும் வாளி இல்லாமல், தன் வெள்ளைச் சட்டையையே ஆதாரமாகக் கொண்டுவந்து காட்டினார்.

எல்லாரையும்விடப் பலமான அடி பாட்டிலக்காவின் சொந்த வீட்டிலேயே விழுந்தது. அவள் அக்கா, அதாவது வீட்டுக்குப் பெரியவள், சலவைக்கடை வைத்திருந்தாள். கீழே கடை, மாடியில் வீடு. பெரியவளும் அவள் கணவரும் பாட்டிலக்காவும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பாட்டிலக்கா கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அப்பா போய்விட, படிப்பை விட்டுவிட்டு இந்த வேலையில் சேர்ந்தவள். 'நீ படிச்சு முடிச்சிருக்கணும்டி' என்று பெரியவள் இன்னும் அங்கலாய்ப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கடைக்குள் நுழைந்தபோது, கொடியில் நாற்பது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில்கூட வெள்ளை இல்லை.

"வாடி சின்னவளே," என்றாள் பெரியவள், இடுப்பில் கை வைத்து. "உங்க ஆபீஸ்ல தண்ணிதான் விடுறீங்களா, இல்ல செம்மண்ணைக் கரைச்சு ஊத்துறீங்களா?"

"இதுல படுத்தா, வந்த நோய் போயி துரு பிடிக்கும்," என்றார் அத்தான், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. அவர் எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். அன்றைக்கும் சிரித்தார்; கண்தான் சிரிக்கவில்லை.

"யாரு பண்ண வேலைடி இது?" என்றாள் பெரியவள்.

பாட்டிலக்கா பையை ஆணியில் மாட்டினாள். "தெரியல" என்றாள். அவள் வாழ்க்கையில் அக்காவிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் இது ஒன்று.

மறுநாள் அவள் முதல் வேலையாக, எடுத்து வைத்திருந்த அந்தப் பாட்டிலைத் தேடினாள். அலமாரியின் பின்வரிசையில் கிடந்தது. ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் கண்ணைப் பொருத்தினாள். அறிக்கை எழுதும் அவசரத்தில் அன்றைக்கு இதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'படிவு' என்று எழுதியிருந்தாள். இப்போது குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

படிவு இல்லை அது. முறுக்கின ஜரிகை மாதிரி, பொன்னிறத்தில், சீராக முறுக்கப்பட்ட நாடாக்கள். ஆயிரக்கணக்கில். சிலவற்றின் நுனியில் அவரைவிதைபோல் வளைந்த ஒரு சின்ன உடம்பு. அந்த உடம்பிலிருந்துதான் நாடா கிளம்பியிருந்தது. தானாகப் படிகிற அழுக்கு இப்படி ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்ளுமா?

எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனசு குடைந்தது. நுண்ணோக்கியில் இல்லை, படத்தில். கல்லூரிப் புத்தகத்தில். அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும் பையை எடுத்துக்கொண்டு நேரே சலவைக்கடைக்கு நடந்தாள்.

இஸ்திரி மேசைக்கு ஒரு கால் குட்டை. பல வருடமாக அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தடிப் புத்தகம். பாட்டிலக்கா குனிந்து அதை உருவினாள். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஏய், ஏய்! சட்டை கருகிடும்!" என்று அத்தான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துள்ளினார். "வேலை நேரத்துல வந்து மேசைக் காலை உருவுறியே, என்ன பிடிச்சிருக்கு உனக்கு?"

"ஒரே நிமிஷம் அத்தான். செங்கல் ஏதாவது வச்சுக்கோங்க."

அட்டை போய்விட்டிருந்தது. ஆனாலும் படம் இருந்தது. அதே முறுக்கு நாடா. பக்கத்தில் அரைப் பக்கம் எழுத்து. பரீட்சைக்காக அவள் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு, அத்தோடு தலைமுழுகிய அரைப் பக்கம். துணி மூட்டைமேல் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிறவளைப் போல மெல்லப் படித்தாள்.

பச்சை இலை வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டை ஆக்கிக்கொள்கிறது. மாடும் மனிதனும் அந்த இலையைத் தின்று, அல்லது தின்றதைத் தின்று பிழைக்கிறார்கள். அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் வெயிலையும் நம்பாமல், இன்னொரு உயிரையும் தின்னாமல் வாழ்கிற ஒரு கூட்டம் உண்டு. பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். அது காற்றோடு சேர்ந்து துருவாக மாறும்போது ஒரு பொட்டு சக்தி வெளிப்படும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிர் அந்த ஒரு பொட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதை அடுப்பாக வைத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை எடுத்து, தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. கிடைக்கிற சக்தி அவ்வளவு அற்பம் என்பதால், ஒரு வாய் சாப்பாட்டுக்கு ஒரு வண்டி விறகு எரிக்கிற மாதிரி இரும்பை எரித்துத் தள்ளுகிறது. அந்தச் சாம்பல்தான் முறுக்கு நாடா. கனமாக, கெட்டியாக, மணலிலேயே தங்கிவிடும் சாம்பல்.

பாட்டிலக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த இருட்டுத் தொட்டியில் இத்தனை வருடமாக ஒரு பெரிய சமையல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், ஊர்த் தண்ணீரில் இருந்த இரும்பையெல்லாம் அவை அடுப்பில் போட்டு எரித்திருக்கின்றன. அந்த அடுப்பில் அவள் குளோரினை ஊற்றி அணைத்துவிட்டாள். ஒன்றரைப் பக்கம் எழுதி, கையெழுத்தும் போட்டு.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" பெரியவள் விரிப்புகளை விட்டுவிட்டு வந்தாள்.

"அக்கா, நேத்து யாரு பண்ண வேலைன்னு கேட்டியே." படத்தைத் தொட்டுக் காட்டினாள். "நான்தான்."

பெரியவள் முழுவதையும் கேட்டாள். பாட்டிலக்கா திட்டுக்காகக் காத்திருந்தாள். பெரியவள் விரிப்பு ஒன்றின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"சரி, என்கிட்ட சொல்லிட்ட. உங்க மேடம்கிட்ட எப்பச் சொல்லப் போற?"

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். பயத்தோடயே போய்ச் சொல்லு."

பொறியாளரின் மேசையில் புகார்க் கடிதங்கள் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தன. குளோரினைக் கூட்டிப் பார்த்தாயிற்று, பலனில்லை. இரும்பு நைசான பொடியாக மாறி மணலுக்கிடையே நழுவிக்கொண்டு போனது. பாட்டிலக்கா நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அப்போ நீங்க எழுதிக் கொடுத்தது தப்பு," என்றாள் பொறியாளர்.

"ஆமாங்க மேடம்."

"அதைப் படிச்சிட்டு உத்தரவு போட்டது நான்."

"நான் சரியா எழுதியிருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்க."

பொறியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இரும்பை எடுக்கத் தனியா இயந்திரம் கேட்டு எழுதியிருக்கேன். வர ஒரு வருஷம் ஆகும்ங்கறாங்க. நீங்க சொல்ற இந்த… சமையல்காரங்க திரும்பி வர எவ்வளவு நாள்?"

"நாலு வாரம் ஆகலாம் மேடம். நிச்சயமாச் சொல்ல முடியாது. மணலுக்கு முன்னாடி குளோரின் போடக் கூடாது. வடிகட்டி வெளிய வந்த பிறகு மேல்நிலைத் தொட்டியில மட்டும் போடணும். கிருமிக்கு அது போதும். தினமும் நான் சோதிச்சுப் பாக்கறேன்."

"மூணாம் தொட்டியை எடுத்துக்கோங்க. நாலு வாரம். இந்தத் தடவை தினமும் எழுதணும். சரியா வந்தாலும், தப்பா வந்தாலும்."

பாட்டிலில் இருந்த கொஞ்சம் போதாது; தொட்டியில் மறுபடி இட விதைக்கு எங்கே போவது என்பதுதான் அடுத்த கேள்வி. அதை வால்வு தீர்த்து வைத்தான். மோட்டார் அறைக்குப் பின்சுவரில், குழாய் இணைப்பிலிருந்து வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில், கல்லெல்லாம் செங்காவிக் கொழகொழப்பு. கழுவ வந்தவர்கள் கண்ணில் அது படவே இல்லை. பாட்டிலக்கா ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தாள். முறுக்கு நாடாக்கள்! "இருக்காங்கடா!" என்று கத்தியேவிட்டாள். இரண்டு பேரும் கரண்டியால் வழித்து, கிணற்றுத் தண்ணீரில் கலந்து, ஆறு வாளி சுமந்துபோய் மூன்றாம் தொட்டியின் மணலில் ஊற்றினார்கள்.

அப்புறம் காத்திருப்பு. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் இரும்பு. மூன்றாம் தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் மூன்றாம் நாள் இரண்டரை. ஆறாம் நாள் இரண்டரை. பத்தாம் நாளும் அதே இரண்டரை. சோதனைக் குழாயில் மருந்தை விட்டதும் திரண்டு வரும் அந்தச் செம்மஞ்சள் நிறத்தைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் பெரியவள் தட்டை முன்னால் நகர்த்துவாள். வேறு ஊருக்கு வண்டியில் போய்ச் சலவை செய்துகொண்டு வருவதில் பெரியவளும் அத்தானும் இளைத்துப் போயிருந்தார்கள். அதைப் பார்த்தபின் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வால்வும் சரியாக இல்லை. அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பதினோராம் நாள் காலை ஆய்வகத்துக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். மேடம்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லு."

"மூணாம் தொட்டிக்கு மேல ஓடுற குழாய் இருக்குல்ல? துளையில துரு அடைக்கும். மாசம் ஒரு தடவை ஏணியில ஏறி கம்பி விட்டுக் குத்தி விடணும். அது என் வேலை." எச்சிலை விழுங்கினான். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆடுற ஏணியில இருந்து விழுந்தேன். முதுகுல அடி. யாருகிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் ஒண்ணு, ரெண்டுல மட்டும்தான் ஏறுவேன். அது குட்டை ஏணி. மூணுல ஏறவே இல்ல. ஆனா பதிவேட்டுல மாசாமாசம் 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு எழுதிட்டு வந்தேன்."

"ஆறு வருஷமாவா?"

"பாதிக்கு மேல துளை அடைஞ்சே போச்சு. தண்ணி மழை மாதிரி விழாது, ஓட்டுச் சரிவுல வழியற மாதிரி சும்மா வழியும். கழுவ வந்தவங்கதான் எல்லாத்தையும் குத்தித் திறந்து விட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்னமோ. சொல்லாம இருந்தா மனசு அரிக்குது."

பாட்டிலக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"வால்வு, மழை மாதிரி விழுந்தா தண்ணியில காத்து நிறைய ஏறும். காத்து நிறைய ஏறினா இரும்பு மணலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தானாத் துருவாயிடும். அப்புறம் அதுங்களுக்கு எரிக்க என்ன இருக்கு? அடுப்புக்கு வர்றதுக்குள்ள விறகு சாம்பலாப் போச்சுன்னா எப்படிச் சமைக்கிறது?"

அவன் வாயைப் பிளந்தான். "அப்போ நான் ஏறாததுதான்…"

"நீ ஏறாததாலதான் ஊரு ஆறு வருஷமா நல்ல தண்ணி குடிச்சிருக்கு!"

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகம் இரண்டையும் ஒன்றாகச் செய்தது.

"ஆனா மேடம்கிட்ட சொல்லாம முடியாதுடா," என்றாள் அவள். "இது எழுதற விஷயம். நானும் போய் நின்னவதான். நீ போ, நான் கூட வரேன்."

பொறியாளர் முழுவதையும் கேட்டு, பதிவேட்டை வரவழைத்து, ஆறு வருடத்துக் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். 

"இதுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தருவேன். தராம இருக்க முடியாது," என்றாள் கடைசியில். "ஏணி ஆடுதுன்னு அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்கன்னு, மேடம்."

"புது ஏணிக்கு இன்னைக்கே எழுதறேன். அதுவரைக்கும் அந்தப் பழைய ஏணியைக் கட்டி வச்சுத்தான் ஏறணும். பாதித் துளைகளை அடைங்க."

துடைப்பக் கட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, கத்தியால் சீவி, வால்வு முப்பது ஆப்புகள் செய்தான். அவற்றை ஏணியடிக்குக் கொண்டுவந்தவன் முதல் படியில் கால் வைத்து, உடனே எடுத்துவிட்டான்.

"கயித்தைக் கட்டி நீ ஏணியைப் பிடி. நான் ஏறறேன்."

"ஐயோ, வேணாம்க்கா. உங்களுக்கு…" அவன் அவள் உடம்பை ஏற இறங்கப் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"கனம்னு சொல்ல வர்றியா? அதான் உன்னைப் பிடிக்கச் சொல்றேன்."

பதினான்கு படி. ஏழாவது படியில் அவள் கீழே பார்த்துவிட்டாள். பாட்டில் கூடை தம்ளர் அளவுக்குத் தெரிந்தது. அதன்பிறகு பார்க்கவில்லை. குழாயை ஒரு கையால் கட்டிக்கொண்டு, ஒரு துளை விட்டு ஒரு துளையாக ஆப்பை அடித்தாள். தலையெல்லாம் தண்ணீர். கீழே அவன் மூச்சுப் பிடித்து ஏணியை அணைத்துக்கொண்டு, "மெதுவா, அக்கா, மெதுவா" என்று ஜபம்போல் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பதாவது ஆப்பு இறங்கியதும் மழைச் சத்தம் அடங்கி, தண்ணீர் அமைதியாக வழியத் தொடங்கியது.

மறுபடி ஆறு வாளி விதை. மறுபடி காத்திருப்பு. ஐந்தாம் நாள், இரண்டு. நுண்ணோக்கியின் கோளாறோ என்பதுபோல் சோதனைக்குழாயை மூன்று முறை தூக்கிப் பார்த்தாள். சோதனைக்கும் நுண்ணோக்கிக்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. எட்டாம் நாள், ஒன்றரை. பன்னிரண்டாம் நாள், முக்கால். டார்ச் அடித்துப் பார்த்தால் மணல்மேல் லேசான செங்காவி, பிஞ்சுக் குழந்தையின் தலைமயிர் மாதிரி. முன்பு மூக்கைச் சுளித்தவள் இப்போது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ரசித்தாள். "மூடுங்கக்கா, அதுங்களுக்கு வெளிச்சம் ஆகாதோ என்னமோ" என்று வால்வு கோபித்துக்கொண்டான்.

பதினேழாம் நாள் மருந்தை விட்டதும் சோதனைக்குழாய் நிறம் மாறாமல் அப்படியே நின்றது. அவள் ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பெரிய கேனில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனாள்.

பெரியவள் இருப்பதிலேயே வெள்ளையான தலையணை உறை ஒன்றை எடுத்து, தொட்டியில் அந்தத் தண்ணீரை ஊற்றி, சோப்புப் போட்டுக் கும்மினாள். அலசிப் பிழிந்து, வெளியே வெயிலில் உதறிப் பிடித்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"பேசாதடி," என்றாள் பெரியவள். உறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துவைச்சதை மறுபடி அழுக்காக்க வச்சிட்ட."

அத்தான் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "அப்போ என் மேசைக் காலுக்குப் புத்தகம் திரும்பி வருமா?"

"வராது அத்தான். அது இனி ஆபீஸ்ல இருக்கும்."

மூன்றாம் தொட்டியின் மணலையே விதையாக எடுத்து ஒன்றிலும் இரண்டிலும் இட்டார்கள். அவற்றின் துளைகளையும் பாதி அடைத்தார்கள். இரண்டு மாதத்தில் மூன்றும் தெளிந்தன. இரும்பெடுக்கும் இயந்திரம் வேண்டாமென்று பொறியாளர் எழுதினாள். வால்வுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அதோடு புது ஏணியும் வந்தது. அவன் கடிதத்தை எல்லாரிடமும் காட்டினான். "என் முழுப் பேரையும் எழுதியிருக்காங்க, பாத்தீங்களா? இத்தனை வருஷத்துல முதல் தடவை!" புது ஏணியில் முதலில் மூன்று படி ஏறினான். அடுத்த வாரம் ஆறு. அந்த மாதக் கடைசியில் உச்சிக்குப் போய், அங்கிருந்தே மோட்டார் அறைக்குக் கேட்கும்படி ஒரு கூப்பாடு போட்டான்.

ஒரு நாள் பெரியவள் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் ஆய்வகத்துக்கு வந்தாள். "எங்கடி உன் சமையல்காரங்க? காட்டு." நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து, இன்னொரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனூண்டா?"

"ஆமாக்கா."

"வெயிலும் வேணாம், ஒருத்தரு ஆக்கிப் போடவும் வேணாம். இரும்பைத் தின்னுட்டு இருட்டுல குடித்தனம் நடத்துதுங்க." தலையை நிமிர்த்தினாள். "நீ படிப்பை விட்டதுக்கு இத்தனை வருஷமாப் புலம்பிட்டிருந்தேன். இனிமே புலம்பல போ."

பாட்டிலக்கா கண்ணாடித் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, "இதுல எனக்கு மட்டும்தானா, வால்வுக்கும் சேர்த்தா?" என்று எதையோ கேட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் பொறியாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தொலைபேசியைக் கையில் கொடுத்தாள். தொலைவில் இன்னொரு ஊரின் குடிநீர் நிலையம். அங்கேயும் இரும்பு கலந்த கிணற்றுத் தண்ணீராம். தொட்டியில் ஏதோ சளி பிடித்திருக்கிறதாம், நாளைக்குக் கழுவிவிட ஆள் வருகிறதாம். அதற்குள் யாரோ இந்த நிலையத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பேசியவர் அங்கே ஆய்வக உதவியாளர். குரலைக் கேட்டால் சின்னப் பெண் மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க அங்க என்னதான் செஞ்சீங்க?"

தன்னை ஒருவர் மேடம் என்று கூப்பிட்டதும் பாட்டிலக்கா பொறியாளரைத் திரும்பிப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த வால்வு காதைத் தீட்டிக்கொண்டான்.

"முதல்ல அந்தக் கழுவுறவங்களை வரவேணாம்னு சொல்லும்மா," என்றாள் அவள். "அப்புறம் ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோ. நாங்க செஞ்சதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்."

"என்னுதையும் சேர்த்துச் சொல்லுங்கக்கா," என்றான் வால்வு. "ஒண்ணையும் விட்டுடாதீங்க."